சேது வழியில் ஒரு நள்ளிரவு மணி

சென்ற தை மாதம் என் பேரன் பெங்களூரிலிருந்து நண்பர்கள் மூவருடன் காரில் வந்தான். தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு, பட்டுக்கோட்டை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து இராமநாதபுரம் வந்து சேர்ந்தார்கள். காரின் பின்பக்கம் டெண்ட், மடக்கு நாற்காலி, சின்ன ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன. இரவில் கூடாரம் போட்டுத் தங்குவது, பகலில் கொஞ்ச தூரம் நடந்து இயற்கையைப் பார்ப்பது என்று திட்டம். "அந்தக் காலத்தில் நடந்தே வந்தவர்கள் எங்கே தாத்தா தங்கினார்கள்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

அவர்கள் வந்தது ஏறக்குறைய பழைய சேது வழிதான். மணமேல்குடி, மீமிசல், தொண்டி, உப்பூர், தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம். உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தை வணங்கி, மண்டபத்தில் தோணி ஏறிப் பாம்பனுக்குப் போவார்கள். தனுஷ்கோடியில் நீராடி மணல் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி. ரயில் வருவதற்கு முன் இது மாதக்கணக்கான நடை.

நம் சீமை நடப்பவனுக்கு இரக்கம் காட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். நிழலுக்குப் பனையும் உடைமரமும்தான். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீர். இதோடு வழிப்பறி பயம் வேறு. 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கன் சேதுபதியை இந்தப் பகுதிக்குத் தலைவராக அமர்த்தியபோது ஒப்படைத்த முக்கியமான பொறுப்பே, இராமேஸ்வரம் செல்லும் யாத்ரீகர்களுக்குக் காவலாக இருப்பதுதான். சேதுபதி என்ற பெயருக்கே சேதுவின் காவலர் என்றுதானே பொருள்!

காவல் மட்டும் போதுமா? படுக்க இடமும், குடிக்க நல்ல தண்ணீரும், ஒரு வேளைச் சோறும் வேண்டாமா? அதற்காக எழுந்தவையே சத்திரங்கள். ஒரு கட்டடம், பக்கத்தில் ஊருணி அல்லது கிணறு, செலவுக்கு மானியமாக விட்ட ஊர்கள். சேதுபதிகளின் செப்பேடுகளில் அன்னதானத்துக்கு ஊர் விட்ட செய்திகளைக் காணலாம். வடக்கே தஞ்சை மராட்டிய மன்னர்களும் இதே வழியில் சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. சத்திரத்து நிலங்களுக்கும் ஆபத்து வந்துவிடுமோ என்று சரபோஜிக்குக் கவலை. 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு போன பிறகும் சத்திரத்துக்காக வாதாடிய கடிதம் அது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும், நோயாளிக்கும் பாம்பு கடித்தவருக்கும் வைத்தியர், கர்ப்பிணிகளுக்குக் கவனிப்பு, வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வாத்தியார் பொறுப்பு. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

பிறகு ரயில் வந்தது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தோணியும் தேவையில்லாமல் போயிற்று. 1988-இல் சாலைப் பாலமும் வந்துவிட்டது. மாதக்கணக்கான வழி ஒரு ராத்திரிப் பயணம் ஆனது. இதைக் குறை சொல்ல மாட்டேன். முடியாதவர்களும் முதியவர்களும் இராமநாதரைப் பார்க்க முடிந்தது ரயிலால்தான். ஆனால் நடப்பவர் குறையக் குறைய, சத்திரத்துக்கும் வேலை குறைந்துபோயிற்று.

நடப்பவர்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு மழைநாள் மாலை, வடநாட்டு முதியவர் ஒருவர் தோளில் துணிமூட்டையும் கையில் சின்னச் செம்புமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காசியிலிருந்து நடந்து வருவதாகச் சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னார். அன்றிரவு வராந்தாவில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெளியாட்களைத் தங்கவிட விதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செம்பின் வாய் மெழுகால் அடைத்திருந்தது; கங்கை நீராக இருக்கும் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. வாட்ச்மேனை அனுப்பித் தேடச் சொன்னேன். ஆள் அகப்படவில்லை.

விதி சரிதான். ஆனால் அந்த விதியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே அழைத்துப் போயிருக்கலாமே என்பது இருபது வருஷமாக மனத்தில் கிடக்கிறது. சரபோஜியின் கடிதத்தைப் பற்றி ஓய்வுபெற்ற பிறகு படித்தபோது, அந்த நள்ளிரவு மணி எனக்காகவே அடித்த மாதிரி இருந்தது.

பேரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அவங்க டெண்ட் தூக்கிட்டு வரலையா?" என்றான். "இல்லைடா, வழியில் யாரோ அவர்களுக்காக முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள்" என்றேன். அன்றிரவு நான்கு பேரும் டெண்டை எங்கள் மொட்டைமாடியில் போட்டுப் படுத்தார்கள். மறுநாள் காலை பொங்கலும் கொத்சும் சாப்பிட்டுத் தனுஷ்கோடிக்குக் கிளம்பினார்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு சத்திரம் இருந்திருக்கும். பஸ் நிறுத்தத்தின் பெயரிலாவது மிஞ்சியிருக்கும். அதை யார் நடத்தினார்கள், அதன் ஊருணி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம் தலைமுறையோடு அது மறந்துபோக வேண்டாம்.