ஒளியை மறித்தவர்கள்

முகத்தைப் படம் பிடிக்கிறவருக்கு ஒளி இருந்தால் மட்டும் போதாது. அதை எதனால் மறிப்பது, எதன்வழியே கசியவிடுவது என்பதையும் அவர் தெரிவு செய்தாக வேண்டும். குடை, வெள்ளைத்துணிப் பெட்டி, ஒளியைத் தெறிக்கவிடும் தட்டி என்று இன்று கடைகளில் விற்பவை எல்லாம் இந்தப் பழைய கேள்விக்கான விடைகளே.

நாங்கள் கோப்பை கழுவும் இதே பாரிசில், 1860 அளவில், நாதார் என்ற புகைப்படக்காரர் மின்கலங்களால் எரிந்த விளக்கின் முன் ஆட்களை இருத்திப் பார்த்தார். நேரடி வெளிச்சம் முகத்தைக் கடுமையாக்கியது. மங்கிய கண்ணாடியை இடையில் வைத்தார். வெள்ளைத் துணியாலும் முகம் பார்க்கும் கண்ணாடிகளாலும் நிழற்பக்கத்துக்கு ஒளியைத் திருப்பினார். 1861இல் செயற்கை ஒளியில் படம் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

இங்கிலாந்தில் ஜூலியா மார்கரட் கமரனுக்கு 1863இல், 48 வயதில், கமரா பரிசாகக் கிடைத்தது. கோழிக்கூடாக இருந்த கண்ணாடி அறையே அவருடைய ஸ்ரூடியோ. அவர் நாதாருக்கு எதிர்த்திசையில் போனார்: திரைகளால் பெரும்பகுதி வெளிச்சத்தை அடைத்தார். கவிஞர் டெனிசனின் முகம் இருளுக்குள்ளிருந்து எழுந்துவருவது இந்தத் தெரிவால்தான்.

1875இல் கமரன், கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டார். எஞ்சிய இலங்கைப் படங்கள் சொற்பம். கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் தமிழர். டெனிசனின் படத்தில் பெயர் உண்டு. அந்தத் தொழிலாளர் பலரின் படங்களில் இல்லை.

எங்கள் கதை மறுவளம். வதிவிட அட்டையில் பெயருண்டு, பிறந்த திகதியுண்டு, இலக்கமுண்டு. ஆனால் அதற்கான படத்தில் நிழல் விழக்கூடாது என்பது விதி. அடையாளம் காண அது போதும். ஆளைக் காணப் போதாது.

ஆளைக் காணும் படத்துக்குப் பெரிய செலவில்லை. ஒளி வருமிடம் பெரிதாகவும் முகத்துக்கு அருகிலும் இருந்தால் நிழலின் விளிம்பு கரையும். வெயில் நேரே விழாத ஒரு யன்னலும், எதிர்ப்பக்கத்தில் பிடிக்க ஒரு வெள்ளை வேட்டியும் போதும். நிழல் முழுவதையும் துடைத்துவிட வேண்டாம். முகத்தின் மேடுபள்ளம் அதில்தான் தெரியும். கைத்தொலைபேசியில் எடுத்தாலும் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போம். கமரனின் முன் நின்ற எங்கள் சனத்துக்கு அதை எழுதிவைக்க ஆளிருக்கவில்லை.