பூனையின் பெயரில் எழுதிய கணக்கு

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்களின் அருவாமனையைச் சுற்றி எப்போதும் நாலைந்து பூனைகள் உட்கார்ந்திருக்கும். செவுளும் குடலும் அவற்றின் பங்கு. "நீங்க தீனி போட்டு வளக்கிற பூனைதான் குருவியெல்லாம் தின்னுது" என்று ஒருவர் அவர்களிடம் சண்டைக்கு நின்றதைப் பார்த்த பிறகே, இந்தப் பழியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

பூனை ஒரு காலத்தில் துறைமுகங்களுக்கு வேண்டப்பட்ட விலங்கு. தானிய மூட்டைகளை எலியிடமிருந்து காக்கக் கப்பலிலேயே வளர்த்தார்கள். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபின், ஆண்ட்ரூ புக்கானன் என்ற ஆங்கிலேய அரசு மருத்துவர் பூனை மிகுந்த ஊர்களில் நோய் குறைவு என்று வாதிட்டார். 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலும் எழுதினார். வீட்டில் பூனையைப் பராமரிப்பது யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுமா?

குற்றப்பத்திரிகைக்கும் வயது அதே அளவுதான். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த பறக்காத சிறு குருவியினம் அழிந்தது. விளக்குக் காவலரின் ஒற்றைப் பூனை மொத்தத்தையும் தின்றுவிட்டதாகக் கதை கட்டினார்கள். தீவில் பல பூனைகள் பெருகியிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பெருந்தீவில் அதே குருவி அதற்கும் முன்பே மறைந்திருந்தது. மனிதரோடு வந்த எலிகள்தான் அங்கே காரணம்.

பூனைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அதில் பெரும்பங்கு வளர்ப்பவர் இல்லாத பூனைகளுடையது. கருத்தடை செய்யுங்கள், இரவில் வீட்டுக்குள் வையுங்கள் என்றால் எனக்கும் சம்மதம்.

எண்ணூரில் மட்டும் அந்தக் கணக்கைப் பூனையிலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் அப்பியபடி பறந்தன. பறக்க முடிந்ததாலேயே அவற்றைப் பிடித்துக் கழுவ வனத்துறை திணறியது. எந்தத் தெருப்பூனையும் நெருங்க முடியாத பறவை அது. அதே நீரில் இறங்கி, இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சேறு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படியத் தொடங்கியதிலிருந்து அவர்கள் கைக்கு அதுவும் சேர்ந்தே தட்டுப்படுகிறது.