வாளுக்கு ஈடு வாள்

திருவனந்தபுரத்துக் கிழக்கே கோட்டையில், பத்மநாப சுவாமி கோயிலுக்கு நெடுந்தொலைவில்லாத ஓரிடத்தில், சி. வி. என். களரி இருக்கின்றது. 1956-ஆம் ஆண்டில் சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் அதனை நிறுவினார். களரி என்பது மரபுப்படி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பெற்ற குழி. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. வடமலபாரின் முறை தென்கோடித் தலைநகரில் வந்து வேரூன்றியது ஒரு வியப்புத்தான். திருவிதாங்கூரின் தென்பகுதிக்குரியது, ஆசான்மார் வழி வந்த தென்முறை. அடிமுறை என்றும் வர்மம் என்றும் குமரி மாவட்டத் தமிழர் வழங்குவது அதனோடு உறவுடையதே.

களரியில் ஆயுதங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மெய்த்தாரி; அதில் உடம்பே ஆயுதம். அடுத்தது கோல்தாரி, இதில் நெடுங்கம்பு, மூன்று சாண் அளவுள்ள முச்சாண், யானைக் கொம்பைப் போல வளைந்த ஒட்டக்கோல் ஆகியவை அடங்கும். அதன்பின் அங்கத்தாரி, அதாவது கட்டாரி, வாளும் பரிசையும், குந்தம் எனப்படும் ஈட்டி, சுருள்வாளாகிய உருமி. இறுதியில் மீண்டும் வெறுங்கை. மரத்தில் கை பழகாதவனுக்கு இரும்பு கிடையாது.

இவ்வளவு ஆயுதங்கள் எதற்காக? எது சிறந்ததோ அதை மட்டும் கற்றால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் எந்த ஆயுதமும் தான் பெற்ற நன்மைக்கு ஒரு விலை கொடுத்தே இருக்கின்றது. குந்தம் எதிரியைத் தொலைவில் நிறுத்தும். முனையைத் தாண்டி அவன் உள்ளே புகுந்துவிட்டால் அதன் நீளமே சுமையாகிவிடும். முச்சாணுக்கு எட்டும் தூரம் குறைவு. ஆயினும் குந்தம் ஒருமுறை திரும்புவதற்குள் அது பலமுறை விழும். உருமியோ பரிசையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் வெட்டும். அதன் வீச்சு ஒரு கணம் தளர்ந்தால் அது வெறும் தகட்டுச் சுருள். பிடித்தவனையே காயப்படுத்தவும் செய்யும். வடக்கன் பாட்டுகளில் உண்ணியார்ச்சை அதனை ஏந்தி நின்றதாகப் புகழ்வது அழகுக்காக மட்டுமன்று, அதனை ஆள்வதன் அருமை கருதியும்தான் என்பது என் கருத்து.

ஈட்டிக்காரனுக்கு எதிராக வாளும் பரிசையும் பிடித்தவனை நிறுத்தும் பயிற்சி இன்றும் களரிகளில் உண்டு. ஒருவன் கை நீண்டது. மற்றவனுக்கு மறைப்பு உண்டு. ஒவ்வாத இரண்டை எதிரெதிரே வைத்து ஒப்பாக்குவது, ஒரே அளவான இரு வாள்களைக் கொடுத்துவிடுவதைக் காட்டிலும் நுண்ணிய சமன்பாடு.

ஆயினும் உயிரைப் பணயமாக வைத்த அங்கத்தில் நிலைமை வேறு. இரு தரப்பார் வழக்கைத் தீர்க்கச் சேகவர் இருவர் அங்கத்தட்டில் ஏறிச் சுரிகை கொண்டு பொருதல் பழைய மலையாள வழக்கம். புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவர் அரிங்ஙோடரோடு பொருத கதையைக் கேரளத்தில் அறியாதார் இலர். துணையாகச் சென்ற சந்து, கொல்லனைக் கைக்கூலியால் வசப்படுத்திச் சுரிகையில் இரும்பாணி இருக்கவேண்டிய இடத்தில் மூங்கிலாணியை வைத்துவிட்டான் என்பது பாட்டின் கூற்று. போரின் நடுவே சுரிகை முறிந்தது. முறிந்த துண்டை வீசியே ஆரோமல் எதிரியை வீழ்த்தினான் என்றாலும், மக்கள் மறவாதது அந்த வெற்றியை அன்று, அந்த ஆணியைத்தான். தலைமுறை தலைமுறையாகச் சந்துவின் பெயர் வஞ்சகத்துக்கு மறுபெயராயிற்று. 1989-இல் வெளிவந்த 'ஒரு வடக்கன் வீரகாதை' திரைப்படத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் சந்துவின் பக்கத்து நியாயத்தை எழுதியபோது, அது ஒரு மேல்முறையீடு போலவே அமைந்தது.

வாளுக்கும் குந்தத்துக்கும் இடையே இருந்த இந்தக் கணக்கைத் துப்பாக்கி குலைத்தது. 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். அங்கே சிறைப்பட்ட டி லனாய், பின்னர் அவருடைய படையையே ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கின்றது. இலத்தீனோடு தமிழும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. துப்பாக்கி பிடிக்க ஏழு வயது முதல் எண்ணெய் தேய்த்துக் குழியில் உழல வேண்டுவதில்லை. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கியபின் நாயர் படைகளுள் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. களரிக்கு இருந்த பணி போயிற்று. எஞ்சியது கலை மட்டுமே.

அதனைத் தலைச்சேரிப் பக்கத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்களும், அவர் மாணாக்கர் சி. வி. நாராயணன் நாயரும் மீட்டெடுத்தனர். 1958-இல் கேரளக் களரிப்பயிற்றுச் சங்கம் தோன்றியது. கலை போட்டியாகவும் வளரத் தலைப்பட்டது. போட்டி என்றவுடன் பழைய வினா புது உருவில் எழுகின்றது. எதற்கு எதை எதிராக நிறுத்துவது? எதை எண்ணிப் புள்ளி இடுவது?

மேனாட்டு வாட்போட்டி இதற்கு எளிய விடை கண்டது. ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வாள்கள். எப்பே 770 கிராமுக்கும், மற்றவை 500 கிராமுக்கும் உட்பட்டவை. ஒவ்வொன்றும் தன் இனத்தோடு மட்டுமே மோதும். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் ஏந்தி, அவ்விளையாட்டில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர் ஆனார். அவர் பயின்ற இடமும் அதே தலைச்சேரிதான்!

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் பலர் கூடி ஆடும் போர் விளையாட்டுகளில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. அங்கே ஆயுதங்கள் பலவகை. ஒன்று ஓங்கி எல்லாரும் அதையே எடுக்கத் தொடங்கினால், ஆக்கியோர் அதன் வலிமையைச் சிறிது குறைத்துவிடுகின்றனர். இளைஞர் இதைக் குறித்து மணிக்கணக்காக வாதிடுவதை அலுவலகப் பேருந்தில் கேட்டிருக்கின்றேன். குந்தமா வாளா என்ற வழக்குத்தான் அது. குழியில் பல தலைமுறைகள் உழைத்துக் கண்ட அளவை இவர்கள் எண்களை மாற்றிக் காண முயல்கின்றனர்.

களரிக்கு அந்த வசதி இல்லை. 2022-இல் பஞ்ச்குலாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று சேர்க்கப்பட்டது. 2023-இல் கோவாவின் தேசிய விளையாட்டுகளிலும் பதக்கத்துக்குரியதாயிற்று. நெடுங்கம்பு, வாள்-பரிசை, உருமி வீச்சு ஆகியவை கண்ணுக்கு விருந்து. நடுவர்க்கும் அளக்க எளியவை. ஒட்டக்கோலின் பெருமையோ வர்மத்தைத் தேடிச் செல்லும் ஒரு சிறு தொடுகையில் இருக்கின்றது. அதனை எந்தப் பலகையில் புள்ளியாக ஏற்றுவது? பதக்கம் இல்லாத ஆயுதத்தைப் பிள்ளைகள் எத்தனை நாள் பழகுவர் என்னும் கவலை வீணானதன்று. ஒரே வகைப் போட்டியால் ஆயுதங்கள் சமமாகும், வகைகள் குறையும்.

நம் சிலம்பத்துக்கும் இதே முச்சந்திதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக நுழைந்தது. மறுபுறம், 2025-இல் உத்தராகண்டத்தில் நடந்த தேசிய விளையாட்டுகளில் களரிப்பயிற்று பதக்கப் பட்டியலிலிருந்து காட்சி விளையாட்டு நிலைக்கு இறக்கப்பட்டது. ஏறவேண்டியது ஏறும் முன்பே ஏறியது இறங்கிவிட்டது. கிழக்கே கோட்டைக் குழியிலோ, குந்தமும் முச்சாணும் ஒட்டக்கோலும் அவற்றிற்குரிய வரிசையிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றன.