குளமும் காடும் குழாயும்

மழை வானத்தின் கொடை. அக்கொடையைக் காத்து வைத்துக் காலமறிந்து பயன்படுத்துவது மாந்தர் கடன். தங்குவதற்கு இடமில்லாவிடில், பெய்த நீர் விரைவிலே கடலைச் சேர்ந்துவிடும். ஆதலின் நீரைக் காப்பதென்பது நீர் தங்கும் இடத்தைக் காப்பதேயாகும். ஈழநாட்டின் நீர் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

அநுராதபுரம், வவுனியா முதலிய வறண்ட பகுதிகளில் பெருமழை ஆண்டிற் சில மாதங்களுக்கே உண்டு. அங்கு வாழ்ந்த முன்னோர், சரிந்து செல்லும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறு குளங்களைக் கட்டினர். மேற்குளத்து நீர் வயலிற் பாய்ந்தபின், எஞ்சியது அடுத்த குளத்தை அடையும். இவ்வாறு ஒரே நீர் பன்முறை பயன்பட்டது. குளத்தின் மேற்புறத்து மரச்சோலையும் புற்றரையும் வண்டலைத் தடுத்தன. குளக்கட்டின் கீழ்ப்புறத்து மரங்கள் வயலுக்கு உவர் செல்லாது காத்தன. பெருங்குளங்களிலோ நீரின் வேகத்தை அடக்கும் மதகுக் கிணறுகளை அமைத்தனர். அவற்றை ஆராய்ந்து வியந்து 1909இல் நூல் வெளியிட்டவர் ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இக்குளத்தொடர் முறையை உலக வேளாண்மை மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கு நீர்க் களஞ்சியம் நிலத்தடிச் சுண்ணக்கல். மாரி மழை குளம் கேணிகளிலே தங்கி நிலத்துட் புகுந்து, உவர்நீருக்கு மேல் நன்னீராய் மிதக்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் இறைப்பு அளவோடிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வளவு தவறியது. பல கிணறுகள் உவராயின.

நாம் வாழும் கொழும்பின் கதையும் வேறன்று. கிணற்றுநீரையே நம்பியிருந்த இந்நகருக்கு, 1886இல் முடிவுற்ற லபுகம நீர்த்தேக்கம் குழாய் வழியே நீர் தந்தது. அதனைச் சூழ்ந்த காடு வெட்டப்படாது காக்கப்பட்டமையாலேயே அது இன்றும் பயன்படுகின்றது. பின்னர் களனி கங்கையின் நீரும் அம்பத்தளையில் எடுக்கப்பட்டது. கடுங்கோடையிற் கடலின் உவர் அவ்வாற்றில் ஏறி வருவதுண்டு.

நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களோ மழைவெள்ளத்தை ஏந்தும் இயற்கைக் குளங்கள். அவற்றிற் பல நிரப்பப்பட்டுக் கட்டடங்களாயின. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவிலும் வெள்ளம் புகுந்தது. எஞ்சிய சதுப்பு நிலங்களின் பொருட்டே, 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்னும் மதிப்பைப் பெற்றது.

இளைஞர்களே! வெள்ளவத்தைக் கால்வாயிற் குப்பை எறியாதிருத்தலும், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்தலும், ஊரிலே தூர்ந்து கிடக்கும் கோயிற் கேணியைத் தூர்வாரச் சென்று உதவுதலும் நம்மால் இயன்றவை. குளந் தோண்டுதலை முன்னோர் அறமெனக் கருதினர். தோண்டிய குளம் தூராது காப்பதும் அதனிற் குறைந்த அறமன்று.