மருந்தின் வகுப்பும் தமிழ்ச் சொல்லும்: மானிப்பாய் மருத்துவக் கல்வி தரும் பாடம்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசுப் பணியை நாடி ஊரகன்றமையால், 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலியன அம்முயற்சியின் விளைவுகள். அவருடைய சொல்லாக்க நெறியை இத்தலைப்புகளே உணர்த்தும். வழக்கில் சொல் இருந்தவிடத்து அதனை ஏற்றார். துறை புதிதானவிடத்து ஒலிபெயர்த்தார். செவிலியர்க்கு மருந்தியல் கற்பிப்பதற்கு இந்நெறி இன்றும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கிறீன் காலத்து மேலை மருந்தியல், மருந்துகளைப் பெரிதும் புலனாகும் விளைவால் வகுத்தது: பேதி மருந்து, வாந்தி மருந்து, வியர்வை வருவிப்பது, சிறுநீர் பெருக்குவது. சித்த மருத்துவச் சூழலில் வளர்ந்த மாணவர்க்கு இப்பகுப்பு அந்நியமன்று. எனினும் அதன் குறை பக்கவிளைவில் வெளிப்பட்டது. பாதரசச் சேர்மமாகிய கலோமெல் உண்டவர்க்கு எச்சில் பெருகுவதை, மருந்து வேலை செய்வதன் அடையாளமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர் கொண்டனர். உண்மையில் அது நஞ்சேறியதன் அறிகுறி.

இருபதாம் நூற்றாண்டில், மருந்து உடலில் எங்கு, எவ்வாறு செயற்படுகிறது என்பதும் பகுப்பின் அடிப்படையாயிற்று. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரொப்ரனலோல், பீட்டா ஏற்பிகளைத் தடுத்து இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அதே தடுப்பு மூச்சுக்குழலிலும் நிகழ்வதால் ஆஸ்துமா உடையவர்க்கு மூச்சிறுக்கம் உண்டாகலாம். 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கப்டொபிரில் குருதியழுத்தத்தைக் குறைக்கிறது. பிராடிகைனின் சிதைவதையும் தடுப்பதால் வறட்டு இருமல் தோன்றக்கூடும். வகுப்பை அறிந்தவர் பக்கவிளைவையும் பெரும்பாலும் ஊகிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டுவரும் பொதுப்பெயர்களில் 'ஓலோல்', 'பிரில்' என்னும் ஈறுகள் அவ்வகுப்பையே சுட்டுகின்றன.

கிறீன் பயிற்றியது மருத்துவரை. இன்றோ மருந்தை நோயாளியின் கையில் கொடுப்பவரும், அதன் தீங்கை முதலில் காண்பவரும் பெரும்பாலும் செவிலியரே. அவர்தம் பாடநூலில் மருந்துப்பெயரை முழுமையாகத் தமிழாக்கினால் வகுப்பைக் காட்டும் ஈறு மறையும். பக்கவிளைவை ஆங்கிலத்திலேயே விட்டால், "வறட்டு இருமல் உண்டா?" என்று மூதாட்டியிடம் கேட்கச் செவிலியர்க்குச் சொல் வாய்க்காது. ஆகவே பெயரை ஒலிபெயர்ப்பாகவும், வகுப்பின் செயலையும் பக்கவிளைவையும் வழக்குத் தமிழிலும் தருதல் தகும். கெமிஸ்தமும் இரணவைத்தியமும் ஒரே கையால் உருவானமை இதற்குத் தக்க முன்னுதாரணம்.