சாரதா சட்டமும் அவசரக் கல்யாணங்களும்



கல்யாணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்று சொல்வது நம்மவர் வழக்கு. ஆயிரங்காலத்துப் பயிரை நடுவதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். நீரைப் பார்க்க வேண்டும். பருவத்தையும் பார்க்க வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் ஜாதகம் பார்ப்பதற்கும், குலங்கோத்திரம் விசாரிப்பதற்கும், நிச்சய தாம்பூலம் மாற்றிக்கொள்வதற்கும் மாதக்கணக்கில் காலம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பயிரைப் பல குடும்பங்கள் அவசரம் அவசரமாக நட்டு முடித்த ஒரு காலம் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1929ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்கும் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களே அந்தக் காலம். அதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சாரதா சட்டம் என்ற பெயரை முதியோர் வாயிலாக உங்களிற் பலர் கேட்டிருக்கலாம். சாரதை என்பது கலைமகளின் பெயர் ஆதலால், அச்சட்டத்திற்கும் அந்தத் தெய்வத்திற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று நான் சிறுவனாக இருந்தபோது எண்ணியதுண்டு. உண்மை அதுவன்று. அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதா என்பவர் மத்திய சட்டசபையில் 1927ஆம் ஆண்டு கொண்டுவந்த மசோதாவே அது. முதலில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக்கப்பட்டது. இதற்கிடையே, சர் மோரோபந்த் ஜோஷியின் தலைமையில் 1928ஆம் ஆண்டு ஒரு குழு நியமிக்கப்பட்டது. ராமேசுவரி நேரு அம்மையாரும் அதில் ஓர் அங்கத்தினர். அக்குழு நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்டு, பெண்ணின் திருமண வயது 14க்குக் குறையலாகாது என்று பரிந்துரை செய்தது.

நம் மாகாணத்தில் இதற்கு ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே எழுந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும், 1917ஆம் ஆண்டு அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தாரும் குழந்தை மணத்தை ஒழிக்க இடையறாது உழைத்தனர். சுயமரியாதை இயக்கத்தாரும் அதனை வன்மையாகக் கண்டித்தனர். மறுபுறம், சட்டசபையில் எம். கே. ஆச்சாரியா போன்றோர், சாஸ்திர விஷயத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்று வாதாடினர். முடிவில் 1929 செப்டம்பரில் மசோதா நிறைவேறிற்று. அக்டோபர் முதல் தேதி கவர்னர் ஜெனரலின் ஒப்புதலும் கிடைத்தது. 14 வயது நிறையாத பெண்ணுக்கும் 18 வயது நிறையாத ஆணுக்கும் மணம் செய்விப்பது குற்றமாயிற்று. ஆனால் சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதி அன்றுதான் நடைமுறைக்கு வரும் என்று அதன் முதற் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஒரு புதிய சட்டத்திற்கு அவகாசம் கொடுப்பது நியாயமே. மக்கள் அதனை அறிந்து, அதற்கேற்ப நடக்கத் தயார் செய்துகொள்ளட்டும் என்பதே அதன் நோக்கமாக இருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. பலர் அந்த ஆறு மாதத்தைச் சட்டத்திற்கு அடங்குவதற்கான அவகாசமாகக் கொள்ளவில்லை. சட்டத்தை முந்திக்கொள்வதற்கான கெடுவாகக் கொண்டனர்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அந்த ஆறு மாதமும் முழுமையாகக் கிடைக்காது என்பது விளங்கும். அது சுக்கில வருஷம். அக்டோபர் தொடக்கம் புரட்டாசியில் அடங்கும், அது ஆகாது. மார்கழி ஆகவே ஆகாது. ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி என்று நான்கு மாதங்களே மிஞ்சும். பங்குனியில் பாதியே கிடைக்கும். அதனையும் விலக்குவோர் உண்டு. ஆகவே, ஐந்தாறு ஆண்டுகளில் பரவலாக நடக்க வேண்டிய கல்யாணங்கள் ஒரு சில முகூர்த்த நாட்களில் வந்து குவிந்தன.

என் பாட்டியின் கல்யாணம் அவற்றுள் ஒன்று. காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். பாட்டிக்கு அப்போது வயது ஒன்பது. பெண் பெரியவளாகுமுன் கன்னிகாதானம் செய்துவிட வேண்டும், இல்லையேல் குடும்பமே சாதிக்கட்டுக்குப் புறம்பாகும் என்ற நம்பிக்கை, எங்களைப் போன்ற பிராமணக் குடும்பங்களில் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. பாட்டியின் தகப்பனார் கொடியவர் அல்லர். பெண்களை அடித்தும் அறியாதவர், அதட்டியும் அறியாதவர் என்று பாட்டி சொல்வாள். 'பதினாலு வயசு வரை காத்திருந்தால் என் பெண்ணை யார் எடுப்பார்?' என்ற ஒரே அச்சந்தான் அவரை ஆட்டிவைத்தது.

மாசி மாதத்துக் கடைசி முகூர்த்தத்திற்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது வரன் திகைந்தது. அந்தப் பத்தொன்பது நாட்களில் அவர் செய்தவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். அந்தப் புத்தகம் இன்று என்னிடம் இருக்கிறது. தாலிக்குப் பொன், கூறைப் புடவை, பந்தலுக்குக் கீற்று, வாழைமரம், நெல் குத்தக் கூலியாள், எண்ணெய், வெல்லம், ஊஞ்சல் சங்கிலி, சம்பந்திகள் தங்குவதற்கு அடுத்த வீட்டுத் திண்ணை என்று ஒன்றையும் விடாமல் எழுதி, முடிந்ததை அடித்திருக்கிறார். மேளம் என்று எழுதிய இடத்தில் மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறது. அந்த மாசியில் மேளகாரர் அகப்படவில்லையாம். கடைசியில் வந்த மேளம், அடுத்த தெருக் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்தவுடன் இங்கே ஓடி வந்ததாம். புரோகிதரும் அவ்வாறே இரண்டு பந்தலுக்குப் பொது. நான்கு நாள் கல்யாணம் இரண்டு நாளாகச் சுருங்கிற்று.

இன்னொன்றும் நடந்தது. பந்தல் போட்டாயிற்று, சமையலுக்கு ஆள் வந்தாயிற்று, சட்டமோ வரப்போகிறது; இந்தச் செலவிலேயே இளையவளையும் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார். இளையவளுக்கு வயது ஏழு. மாப்பிள்ளை வீட்டாரின் உறவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். முகூர்த்தத்திற்கு ஆறு நாள் முன்பு அதுவும் முடிவாயிற்று. நோட்டுப் புத்தகத்தில் 'தாலி' என்று இருந்த இடத்தில் '2' என்று சேர்க்கப்பட்டிருக்கிறது. என் சின்னப்பாட்டியின் கல்யாணத்தைப் பற்றி அதில் உள்ள குறிப்பு ஏறக்குறைய அவ்வளவே. தாலி கட்டும்போது அவள் தகப்பனார் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாளாம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 1931 பிப்ரவரி 26ஆம் தேதி குடிமதிப்பு எடுத்தார்கள். சட்டம் அமலுக்கு வந்து அப்போது பதினொரு மாதமே ஆகியிருந்தது. 1921ஆம் ஆண்டுக் கணக்கில், 15 வயதுக்கு உட்பட்ட மனைவியர் ஏறத்தாழ 85 லட்சம் பேர். 1931இல் அத்தொகை 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிற்று. நாட்டின் மக்கள்தொகை அந்தப் பத்தாண்டில் நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவிலேயே பெருகியிருக்க, சிறுமியராகிய மனைவியர் தொகை நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெருகியது. ஐந்து வயதுகூட நிரம்பாத மனைவியரின் தொகையோ 2 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 8 லட்சமாயிற்று. சட்டம் வருமுன் நடந்த கல்யாண நெருக்கடி இதற்கு ஒரு பெருங்காரணம் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம், அதன் வாயிற்படியிலேயே இத்தனை குழந்தைகளை இழந்தது.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அவ்வளவு அவசரத்திற்குக் காரணமே இல்லை! அச்சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அது எத்துணை மென்மையானது என்பது புலப்படும். மீறினாலும் கல்யாணம் செல்லாது என்று அது சொல்லவில்லை. மணம் செய்வித்த பெற்றோருக்கு அதிகபட்சத் தண்டனை ஒரு மாத வெறுங்காவல் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. பெண்களுக்குச் சிறை கிடையாது. போலீஸார் தாமாக வந்து பிடிக்க இயலாது. யாரேனும் ஒருவர் ஓராண்டுக்குள் கோர்ட்டில் முறையிட வேண்டும். முறையிடுபவரிடம் நூறு ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம். தன் ஊராரைப் பகைத்துக்கொண்டு, ஜாமீனும் கட்டி, பிறர் வீட்டுக் கல்யாணத்திற்காகக் கோர்ட்டுப் படி ஏறுவோர் எத்தனை பேர்? அன்றியும், அச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. எல்லை தாண்டிச் சுதேச சமஸ்தானத்திலோ பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலோ மணம் முடிக்க வழி இருந்தது. 1938ஆம் ஆண்டுத் திருத்தங்களே அந்த வழியை அடைத்தன. நடக்கவிருக்கும் குழந்தை மணத்தைத் தடுத்து உத்தரவிடும் அதிகாரத்தையும் அப்போதுதான் கோர்ட்டுகளுக்கு அளித்தன.

பாட்டியின் தகப்பனார் சட்டத்தைப் படித்தவர் அல்லர். சந்தையில் வந்த பேச்சைக் கேட்டவர். ஏப்ரல் பிறந்தால் பெண்ணைப் பெற்றவனுக்கு விலங்கு என்ற வதந்தியை நம்பினார். பொறுத்துச் சிந்திக்க நாள் இருந்திருந்தால், யாரையேனும் கேட்டுத் தெளிந்திருப்பார். அவசரம் முதலில் பறிப்பது அந்தத் தெளிவைத்தான்.

சின்னப்பாட்டியின் கணவர் 1933ஆம் ஆண்டு விஷ ஜுரத்தில் இறந்துபோனார். அவளுக்கு அப்போது வயது பத்து. அவரோடு அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அதன் பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் எங்கள் வீட்டுச் சமையலறையில் வாழ்ந்து 1988இல் மறைந்தாள். என் தகப்பனாரின் பள்ளிப் புத்தகங்களைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த அன்று அவளை நமஸ்கரித்தேன். "ஒரு பெண் குழந்தை ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று போய்க் கேளடா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல்லை நான் ஒரு முறை காப்பாற்றவில்லை. 2003ஆம் ஆண்டு, ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி ஒரு வாரம் வரவில்லை. காய்ச்சல் என்று தோழியர் சொன்னார்கள், நானும் நம்பினேன். எட்டாம் நாள் அவள் வீட்டிற்குப் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முதல் நாளே கல்யாணம் முடிந்திருந்தது. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, கண் மூடுமுன் பார்க்க ஆசைப்பட்டார், நல்ல இடம் கைநழுவிப் போய்விடும், அதனால் பத்தே நாளில் ஏற்பாடு செய்தோம் என்று அவள் தகப்பனார் எனக்குக் காபி கொடுத்து உபசரித்துச் சொன்னார். அவரும் கொடியவர் அல்லர். 'சார், பரீட்சை எழுதலாமா?' என்று அந்தப் பெண் கேட்டாள். எழுதினாள், தேறவும் தேறினாள். ஆனால் மேலே படிக்கவில்லை. நான் இரண்டாம் நாளே போயிருந்தால், ஐந்து நாள் கையில் இருந்திருக்கும். அதனை இன்றும் மறக்க முடியவில்லை.

சாரதா சட்டத்தின் பின் சட்டங்கள் வளர்ந்துள்ளன. பெண்ணின் திருமண வயது 1949இல் 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை மணத்தைத் தடுக்கத் தனி அலுவலரை நியமிக்க வழிசெய்தது. குழந்தையாக மணம் செய்விக்கப்பட்டவர், அந்த மணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரவும் உரிமை தந்தது. 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். ஜாமீன் கட்ட வேண்டுவதில்லை.

ஆயினும் சட்டம் நடுவிரவில் பந்தலுக்கு வந்து நிற்க முடியாது. வர வேண்டியவர்கள் அண்டை வீட்டாரும் ஆசிரியருமே. அவசரக் கல்யாணம் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. வயது வந்த இருவர் மனமொத்து, விடுமுறை கருதியோ வேலை கருதியோ பத்து நாளில் மணம் முடித்தால் அதில் குறையில்லை. ஆனால் சிறு பெண்ணொருத்தியின் கல்யாணம் அவசரமாக நடக்கிறது என்று கேள்விப்பட்டால், இந்த அவசரம் யாருக்காக என்று கேளுங்கள். என் பாட்டியின் தகப்பனார் எழுதிய பட்டியலில் ஊஞ்சல் சங்கிலி வரை எல்லாம் இருக்கிறது. அந்த இரு பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்டதாக மட்டும் எங்கும் குறிப்பு இல்லை. பத்தொன்பது நாளில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.