கிளை தொங்கும் வாசல்

புதிதாக ஒரு நகரத்தில் வந்திறங்கும் பிரயாணிக்கு அரண்மனையையும் ஆலயத்தையும் சித்திரசாலையையும் காட்டுவதற்கு ஆயிரம் பேர் முன்வருவார்கள். ஆனால் நல்ல சாப்பாடும், அந்த ஊர் மண்ணிலேயே விளைந்த திராட்சை மதுவும் நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டால், விடுதிச் சிப்பந்தி தமக்குத் தரகு தரும் கடையைச் சொல்லுவார், வண்டிக்காரர் தம் மைத்துனர் கடையைச் சொல்லுவார், கேட்டவருக்குச் சந்தேகம் தீர்ந்தபாடிராது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா இந்தச் சங்கடத்துக்குக் கண்டிருக்கும் பரிகாரம் மிக எளிமையானது. நகரத்தின் ஓரங்களில் உள்ள பழைய கிராமத் தெருக்களில், சில வீடுகளின் வாசலுக்கு மேலே ஒரு கம்பின் நுனியில் பச்சைப் பைன் கிளை கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். இந்த வீட்டுக்காரர் தம்முடைய தோட்டத்துத் திராட்சையிலிருந்து தாமே வடித்த மதுவை இன்றைக்கு விற்கிறார், வேண்டியவர் உள்ளே வரலாம் என்பது அதன் தாத்பரியம். ஹொய்ரிகர் என்று வழங்கும் இவ்வகை மதுவகங்களின் சரித்திரம், ருசியின் சரித்திரமாக இருப்பதைவிட அதிகமாகச் சட்டத்தின் சரித்திரமாகவே இருக்கிறது; ஆதலால் மதுவைத் தொடாத வாசகரும் இதைச் சங்கோசமின்றிப் படிக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கென்று புளிக்காத திராட்சை ரசமும் அங்கே கிடைக்கும்.

ஐரோப்பாவின் பெருந்தலைநகரங்களில், நகர எல்லைக்குள்ளேயே வியாபாரத்துக்காக இவ்வளவு திராட்சை பயிராகிற இடம் வேறொன்று இல்லை. மேற்கே வியன்னா வனத்தின் சரிவுகளிலும், டான்யூப் நதிக்கு வடக்கே பிஸாம்பர்க் குன்றின் அடிவாரத்திலுமாகச் சுமார் 600 ஹெக்டேர் நிலம் இன்றும் திராட்சைத் தோட்டமாக இருக்கிறது. ரோமானியப் படைகள் இங்கே விண்டொபோனா என்ற பாளையத்தை அமைத்திருந்த நாளிலேயே கொடி நட்டாயிற்று என்பர். 276 முதல் 282 வரை ஆண்ட புரோபஸ் சக்கரவர்த்தி மாகாணத்துக் குடிகள் திராட்சை பயிரிடலாம் என்று அனுமதித்ததைப் பழைய ரோமானிய சரித்திரங்கள் கூறுகின்றன. பிறகு வந்த நூற்றாண்டுகளில் மடாலயங்கள் இத்தொழிலைப் போற்றி வளர்த்தன. 1114-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட க்ளோஸ்டர்நொய்பர்க் மடாலயம், நகரத்துக்கு வடக்கே நதிக்கரையில் இன்றளவும் பெரிய தோட்டங்களையும் நிலவறைகளையும் வைத்துப் பரிபாலித்து வருகிறது.

மத்திய காலத்து வியன்னா மதுவினால் எப்படி வாழ்ந்தது என்பதற்கு, பதினைந்தாம் நூற்றாண்டில் மூன்றாம் ஃபிரெடெரிக் மன்னரின் காரியதரிசியாக அங்கே தங்கியிருந்து, 1458-இல் இரண்டாம் பயஸ் என்ற பெயருடன் போப்பாண்டவராகிய ஏனியாஸ் சில்வியஸ் எழுதிவைத்த வர்ணனையைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. திராட்சை அறுவடை நாற்பது நாள் நடக்கும் என்றும், நாள்தோறும் முந்நூறு வண்டிகள் இரண்டு மூன்று நடை பாரம் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வரும் என்றும், இந்த வேலைக்கு ஆயிரத்திருநூறு குதிரைகள் பூட்டப்படும் என்றும் அவர் கணக்குச் சொல்லுகிறார். நகரத்து நிலவறைகள் அவ்வளவு ஆழமும் விசாலமுமாக இருந்தபடியால், பூமிக்கு மேலே உள்ள வியன்னாவுக்குச் சமமாகப் பூமிக்குக் கீழேயும் ஒரு வியன்னா இருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம். கௌரவமுள்ள குடும்பஸ்தர்களே வீட்டு அறையைக் கணப்பு மூட்டிச் சூடாக்கி, குடிப்பவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் தாகம் அதிகரிப்பதற்காகக் கொஞ்சம் சமைத்த பண்டத்தை இலவசமாகக் கொடுத்து, மதுவின் அளவில் மட்டும் கைவைத்துவிடுவார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். போப்பாண்டவராகப் போகிறவர் இவ்வளவு நுட்பமாக இதைக் கவனித்து எழுதியிருப்பதைப் பார்த்தால், அளவு குறைந்த குவளை ஒன்று அவர் கைக்கும் வந்திருக்கத்தான் வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. இதே காலத்தில், 1450-ஆம் வருஷத்து விளைச்சல் வாயில் வைக்கமுடியாத புளிப்பாகிவிட, அதைத் தெருவில் கொட்டாமல் புனித ஸ்தேவான் பேராலயத்துக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு குழைக்கப் பயன்படுத்தும்படி மன்னர் ஆக்ஞையிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

இந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. 1529-லும் 1683-லும் துருக்கிய சேனைகள் நகரத்தை முற்றுகையிட்டபோது மதிலுக்கு வெளியே இருந்த கிராமங்களும் தோட்டங்களும் பாழாயின. இடையிலும் பின்னரும் வரிகள் ஏறின. பீர் என்ற போட்டிக்காரனும் வந்து சேர்ந்தான். மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமையோ ஜமீன்களும் மடங்களும் அவர்களிடம் உரிமம் பெற்ற விடுதிக்காரர்களும் பங்குபோட்டுக்கொண்ட சொத்தாக இருந்தபடியால், கொடிக்கு உழைத்த குடியானவன் தன் மதுவை அவர்கள் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு நிற்கவேண்டியிருந்தது.

இந்த நிலைமையை மாற்றியவர் மேரியா தெரேசா மகாராணியின் குமாரர் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி. ராஜ குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்த பிராட்டர் வனத்தை 1766-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். 1780-இல் தாயார் காலமான பின் தனியாட்சி நடத்திய பத்து வருஷங்களில், பழைய வழக்கங்கள் எத்தனையைத் திருத்தமுடியுமோ அத்தனையையும் ஒரே மூச்சில் திருத்திவிடவேண்டும் என்று துடித்தவர். ராஜ்யத்தின் தென்கோடியில், கோரிட்ஸியாவுக்கு அருகே, ஒரு பிரபு தம் ஆளுகைக்குட்பட்ட விடுதிகளில் தம்முடைய மதுவையே விற்கவேண்டும் என்று நிர்ப்பந்தித்து வந்தார். அதைப் பொறுக்கமாட்டாத கிராமவாசிகள் சக்கரவர்த்தியிடம் முறையிட்டுக்கொண்டார்கள். அந்த முறையீட்டுக்கு விடையாக 1784-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி பிறந்த சாசனம், தானே விளைவித்த உணவுப் பண்டங்களையும் திராட்சை மதுவையும் பழரச மதுவையும் வருஷத்தில் எந்தக் காலத்திலும், எப்படி வேண்டுமானாலும், தான் விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளும் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று பிரகடனம் செய்தது. எங்கோ ஒரு கிராமத்தின் வழக்கு, ஒரு தலைநகரத்தின் மாலைப்பொழுதையே உருவாக்கிவிட்டது. அந்த மூலப் பிரதேசத்துக்கு அருகில், இன்றைய இத்தாலியின் டிரியெஸ்டே நகரத்தைச் சூழ்ந்த மேட்டு நிலத்திலும், எட்டு நாள் விற்பனையைக் குறிக்கும் ஒஸ்மிட்ஸா என்ற பெயருடன் இதே உரிமை இன்னும் நடைபெறுகிறது. அங்கேயும் வழிகாட்டுவது பச்சிலைக் கொத்துதான்.

சாசனம் கொடுத்த சுதந்திரத்தைக் காட்டிலும், அதனோடு ஒட்டிவந்த வரம்புகளே இந்த ஸ்தாபனத்தைக் காப்பாற்றின என்பது என் அபிப்பிராயம். விற்பவன் தன் மதுவைத்தான் விற்கலாம், பிறர் மதுவை வாங்கிவைத்து விற்கக்கூடாது. ஆகவே பீப்பாய் காலியானதும் கிளையை இறக்கிவிட்டு அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கவேண்டியதுதான். பீர் கிடையாது, காப்பி கிடையாது. பிற்காலத்து விதிகளின்படி அடுப்பில் சமைத்த சூடான உணவும் கூடாதென்று ஆகிவிட்டதனால், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உப்புக்கண்டமுமே அங்கே கிடைத்தன. வியன்னாவாசிகள் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குழந்தைகுட்டிகளுடன் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மர நிழலில் போட்ட முரட்டுப் பலகைப் பெஞ்சுகளில், முன்பின் தெரியாதவர்களோடு தோளுரச உட்கார்ந்து, கைப்பிடி வைத்த தடித்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் மதுவை வாங்கி வைத்துக்கொண்டு, கொண்டுவந்ததைப் பிரித்து உண்பார்கள். மந்திரியும் மரத்தச்சனும் அந்தப் பெஞ்சில் சமமாக உட்காருவார்கள் என்று வியன்னாக்காரர்கள் பெருமையடித்துக்கொள்வது முழுவதும் மெய்யாக இராவிட்டாலும், பக்கத்து மேஜை என்ற ஒன்று இல்லாத இடத்தில் அந்தஸ்தைப் பாராட்டுவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைய ஹொய்ரிகர்களில் உணவு வைத்திருக்கும் நீண்ட மேஜையில் சைவ போஜனக்காரர்களுக்கும் வழியுண்டு: ஆட்டுப்பால் கட்டியில் மிளகாய்ப் பொடியும் வெங்காயமும் பிசைந்த லிப்டவர், கறுப்பு ரொட்டி, வெள்ளரி ஊறுகாய் இம்மூன்றும் நம் நாக்குக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா.

மதுவின் ஜாதியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். மற்ற பிரதேசங்களில் ஒவ்வொரு ஜாதித் திராட்சையையும் தனித்தனியே பயிரிட்டுத் தனித்தனியே வடிப்பது நாகரிகமாகிவிட்ட பிறகும், வியன்னாக்காரர் க்ரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங், வெள்ளைப் பினோ முதலிய பல ஜாதிக் கொடிகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒரே நாளில் கலந்து பறித்து, கலந்தே பிழிந்தார்கள். கெமிஷ்டர் ஸாட்ஸ் எனப்படும் இந்த முறைக்கு முதற்காரணம் ருசியல்ல, பயமே. வசந்தத்துப் பனி முன்னதாகத் துளிர்த்த ஜாதியைக் கருக்கினால் பின்னால் துளிர்ப்பது பிழைக்கும். இலையுதிர் காலத்து மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று கைகொடுக்கும். முதிர்ந்த பழத்தின் இனிப்பும் முதிராத பழத்தின் புளிப்பும் ஒன்றையொன்று சமன்செய்து, வருஷந்தோறும் குடிக்கத்தக்க ஒரு மது எப்படியும் கிடைத்துவிடும். நம் புன்செய்க் குடியானவர் கம்பங்கொல்லையில் துவரையும் தட்டைப்பயறும் ஊடுபயிராக விதைக்கும் விவேகமும் இதுவே. 1870-களில் க்ளோஸ்டர்நொய்பர்க்கில் தலைகாட்டிய ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பா எங்கும் செய்தது போல இங்கேயும் பழைய கொடிகளை நாசமாக்கியது. அமெரிக்க வேரின்மேல் ஒட்டுக்கட்டிப் புதிதாக நட்டபோதும், வியன்னாவில் பலர் கலப்பு நடவைக் கைவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் பெருத்தது. நுஸ்டோர்ஃபிலிருந்து காலன்பர்க் குன்றின் உச்சிக்கு 1874-இல் பற்சக்கர ரயில் ஓடத்தொடங்கியது. 1892-இல் க்ரின்ட்ஸிங், ஸீவரிங், ஹைலிகன்ஷ்டாட், நுஸ்டோர்ஃப் முதலான மதுக்கிராமங்கள் வியன்னா நகரத்தோடு இணைக்கப்பட்டன. இந்தக் காலத்தில்தான் ஹொய்ரிகருக்குச் சங்கீதமும் வந்தது. யோஹான், யோஸெஃப் ஷ்ராம்மல் என்ற சகோதரர்கள் இரண்டு வயலின்களுடன் 1878-இல் அன்டான் ஷ்ட்ரோமாயரின் கிதாரைச் சேர்த்துக்கொண்டார்கள்; சில வருஷங்களில் கியார்க் டென்ட்ஸரின் சின்ன கிளாரினெட்டும் சேர்ந்து நால்வரணியாயிற்று. நுஸ்டோர்ஃப் மதுத்தோட்டங்களில் இவர்கள் வாசித்த பாட்டுக்கு வண்டிக்காரரும் துணிவெளுப்போரும் மட்டுமின்றி, பிராம்ஸும் இளைய யோஹான் ஸ்ட்ராஸும் ரசிகர்களாக இருந்தார்கள். தமையன் 1893-லும் தம்பி 1895-லும் காலமாயினர். ஆனால் அந்த வாத்தியச் சேர்க்கைக்கும் அந்த நடைக்கும் ஷ்ராம்மல் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மதுச்சாலையில் உருவான சங்கீதமாயிற்றே என்று இளக்காரமாக எண்ணுபவர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். சந்தோஷமும் துக்கமும் அவ்வளவு நெருங்கிக் கலந்த நாதம் அபூர்வம்.

புகழ் வந்தபின் கேடும் வந்தது. 1949-இல் வெளியான ‘தி தேர்ட் மேன்’ திரைப்படத்துக்கு, ஹொய்ரிகர்களில் வாசித்துவந்த அன்டான் காராஸ் என்பவரின் ஜிதர் வாத்தியம் உலகப் பிரசித்தி தேடித்தந்தது. அந்த வருமானத்தைக்கொண்டு அவரே ஸீவரிங்கில் ஒரு மதுவகமும் திறந்தார். க்ரின்ட்ஸிங்குக்குப் பயணிகளின் பேருந்துகள் வரிசையாக வந்தன. ஹொய்ரிகர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். தன் மதுவையே விற்பவருக்குரிய புஷன்ஷாங்க் என்ற பெயருக்குத்தான் சட்டத்தின் காவல் உண்டு. ஆகவே சாதாரண உணவுவிடுதி உரிமத்தை வைத்துக்கொண்டு, வாங்கிய மதுவையும் வறுத்த இறைச்சியையும் பீரையும் விற்கும் கடைகள் கிராமத்து வேஷம் பூண்டு நிற்பது எளிதாயிற்று. 1985-இல், ஆஸ்திரிய வியாபாரிகள் சிலர் மதுவுக்குக் கனமும் இனிப்பும் காட்டுவதற்காக டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இரசாயனத்தைச் சேர்த்துவந்தது அம்பலமாகி, தேசத்தின் ஏற்றுமதி ஒரேயடியாக வீழ்ந்தது. அதே வருஷம் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்றென மதிக்கப்படும் மதுச்சட்டம் அங்கே இயற்றப்பட்டது. பெயர் போன பின்பு இளைய உற்பத்தியாளர்கள் தரத்தையே நம்பிப் பிழைக்கவேண்டியதாயிற்று. மலிவுச் சரக்கென்று இகழப்பட்ட கலப்பு நடவு மதுவை அவர்கள் மீண்டும் சிரத்தையோடு வடித்தார்கள். 2013 முதல் வியன்னாவின் கெமிஷ்டர் ஸாட்ஸுக்குச் சட்டப்பூர்வமான பிரதேச முத்திரை உண்டு: ஒரே தோட்டத்தில் கலந்து நட்ட மூன்று வெள்ளை ஜாதிகளாவது இருக்கவேண்டும், எதுவும் பாதிக்கு மேற்படக்கூடாது, மூன்றாவது ஜாதி பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது.

வியன்னாவுக்குப் போகும் வாசகர் 38-ஆம் எண் டிராமில் க்ரின்ட்ஸிங்குக்குப் போவது சுலபம். அழகான தெருதான், ஆனால் கூட்டம் அதிகம். பீத்தோவன் 1817-இல் தங்கியிருந்த ஹைலிகன்ஷ்டாட் வீடும் இன்று ஹொய்ரிகராக நடக்கிறது, பக்திக்காகப் போகலாம். உள்ளூர்க்காரர்களோடு உட்காரவேண்டுமென்றால் 31-ஆம் எண் டிராமில் ஏறி, டான்யூபைக் கடந்து, கடைசி நிறுத்தமான ஷ்டாம்மர்ஸ்டோர்ஃபில் இறங்குவதே உத்தமம். தெருமுனையில் எந்தெந்த வீடு திறந்திருக்கிறது என்று காட்டும் பலகைகள் இருக்கும். கிளையைப் பார்த்து, அதனோடு புஷன்ஷாங்க் என்ற சொல்லும் எழுதியிருக்கிறதா என்று கவனித்து உள்ளே செல்லுங்கள். உணவை மேஜையில் நீங்களே போய் வாங்கிக்கொள்ளவேண்டும், மதுவை மட்டும் உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். நவம்பர் 11-ஆம் தேதியான மார்ட்டின் திருநாள் தாண்டிவிட்டதென்றால், முந்தின வருஷத்து மது பழையது என்ற கணக்கில் சேர்ந்துவிடும். புதியதைக் கேட்டு வாங்குங்கள்.